அங்கன்வாடி அக்கா என்ன படிச்சிருக்கணும்?

ஜமுனாமரத்தூர்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, பீமன் அருவி. இன்னொண்ணு, அதே ஜவ்வாது மலையில காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் இருக்கு. ரெண்டைப் பத்தியும் படம் போட்டு நிறைய பேர் எழுதியாச்சு. அதனால அருவியும் நட்சத்திரமும் இந்தப் பதிவுல கிடையாது. அதே மலையில தொங்குற ஒரு எடைத் தராசைப் பத்தின பதிவு இது. கொஞ்சம் நீளம், டீ ஒண்ணு போட்டுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஊர். திருவண்ணாமலை மாவட்டத்துல ஜவ்வாது மலை ஒன்றியத்தோட தலைமையிடம் ஜமுனாமரத்தூர். சுத்தியிருக்கிற ஊர்கள்ல பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பேரைப் பாத்துட்டு கேரளாவான்னு கேக்காதீங்க. மலையில வாழுறவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேரு, பேசுறது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவங்கன்னு அவங்களோட வாய்மொழி மரபு சொல்லுது. சாமை, பலா, புளி, தேன் இதெல்லாம் மலையோட விளைச்சல். மானாவாரி நிலம். அதுல வருஷம் முழுக்க வயிறு நிறையாது. அதனால கூலி வேலை தேடி கீழ இறங்குறாங்க, வெளி மாநிலம் வரைக்கும் போறாங்க.

அப்படிப் போறதுல என்ன ஆபத்து இருக்குன்னு நாடு முழுக்கத் தெரிஞ்ச நாள் 2015 ஏப்ரல் 7. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். டிவியில கொஞ்ச நாள் ஓடுச்சு, அப்புறம் எல்லாரும் மறந்தாச்சு.

இதுக்கும் அங்கன்வாடிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

அங்கன்வாடியில மாசா மாசம் குழந்தைகளை எடை போடுவாங்க. நண்பர்களோட மலைக்குப் போயிருந்தப்ப வழியில ஒரு மையத்து வாசல்ல நின்னு பாத்தேன். குழந்தை கத்துது, முள் ஆடுது, அந்த அக்கா பொறுமையா முள் நிக்கிற வரைக்கும் காத்திருந்து எழுதுறாங்க. அந்த எண் நோட்டுக்கும் போகும், போனுக்கும் போகும். 2021-லேர்ந்து போஷன் டிராக்கர்னு ஒரு செயலி இருக்கே, அதுல ஏத்தணும்.

சரி, ஒரு குழந்தைக்கு போன மாசத்தை விட அரைக் கிலோ குறைஞ்சிருக்குன்னு வெச்சுக்குவோம். பயிற்சியில சொல்லிக் குடுத்த பதில் தயாரா இருக்கு: சத்துமாவைக் கூட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. தப்பில்லை. ஆனா ஏன் குறைஞ்சுது? அப்பா வேலைக்குப் போய் மூணு மாசமா பணம் வரலை. அம்மா விடிஞ்சா கூலிக்குப் போறாங்க. கைக்குழந்தையைப் பாத்துக்கிறது பதிமூணு வயசு அக்கா, அவ பள்ளிக்கூடத்துக்குப் போறது நின்னாச்சு. பள்ளிக்கூடம் நின்ன பொண்ணை வீட்ல எத்தனை நாள் வெச்சிருக்கிறதுன்னு பெரியவங்க கல்யாணப் பேச்சை ஆரம்பிச்சாச்சு. இந்த மலை மட்டும் இல்ல, எந்த ஏழை ஊருக்கும் பொருந்துற கதைதான். தராசு காட்டுறது அரைக் கிலோ. அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு குடும்பத்தோட மொத்தப் பொருளாதாரம். செயலியில எடைக்கு ஒரு பெட்டி, உயரத்துக்கு ஒரு பெட்டி இருக்கு. 'ஏன்'ங்கிற கேள்விக்கு எந்தப் பெட்டியும் பத்தாது. பொட்டி தட்டுறவன் சொல்றேன், நம்புங்க.

அந்த 'ஏன்' புரியணும்னா சத்துணவு அறிவு மட்டும் போதாது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் சட்டம், நிறைய மொழி வேணும். சுருக்கமா சொன்னா, நாம காலேஜ்ல 'ஆர்ட்ஸ் குரூப்'னு நக்கல் அடிச்ச எல்லாமும் வேணும். குழந்தை, குடும்பம் சார்ந்த வேலைக்கு வர்றவங்களுக்கு பொதுக்கல்வியையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்துக் குடுக்கணுமா, இல்ல வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக் குடுத்தா போதுமா? இந்தக் கேள்வியை நம்ம நாட்டுல நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டு, பதிலும் செஞ்சு காட்டியிருக்காங்க. தோண்டிப் பாத்தப்ப ஒரு ஆச்சரியம்: அந்தப் பதிலைச் செஞ்சவங்கள்ல மூணு பேர் சின்ன வயசிலேயே கணவனை இழந்தவங்க.

*

முதல் ஆள் சிஸ்டர் சுப்பலட்சுமி. 1886-ல் பிறந்தவர். பதினோரு வயசில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறப்பு. அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பத்தில் அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு தெரியும். மொட்டை, மூலை, சமையல்கட்டு. ஆனால் அவர் வீட்டில் படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை என்று சொல்கிறார்கள்.

பட்டம் வாங்கின கையோட தன்னைப் போலவே இருந்த சிறுமிகளைச் சேர்த்து ஒரு இல்லம் ஆரம்பிச்சார். பின்னாடி அது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறுச்சு. இன்னிக்கு விவேகானந்தர் இல்லம்னு பஸ்ல போறப்ப பாக்குறோமே, அதே கட்டடம்.

இங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. விதவைப் பெண்களுக்கு உதவின்னா அப்ப எல்லாரும் சொன்னது தையல், பூ வேலை, அப்பளம். சுப்பலட்சுமி அந்தப் பக்கம் போய் நிக்கலை. முதல்ல முழுசா பள்ளிக்கல்வி, அதுக்கு மேல ஆசிரியர் பயிற்சி, முடிஞ்சவங்களுக்குக் கல்லூரி. பெண் ஆசிரியர் இல்லாததால, வயசுக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திக்கிட்டிருந்த காலம் அது. ஒரு விதவைப் பெண் ஆசிரியரானா அவளுக்கும் சம்பளம், அம்பது பெண்களுக்கும் படிப்பு. 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தப்ப அதுக்கு அவர்தான் முதல் முதல்வர்.

ரெண்டாவது ஆள் நம்ம ஊர் இல்ல, ஆனா நாம தினமும் சொல்ற ஒரு வார்த்தைக்கும் அவருக்கும் உறவு இருக்கு. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்னு ஒருத்தர். பட்டதாரி, ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரா இருந்தவர். மாண்டிசோரி முறையைக் கரைச்சுக் குடிச்சவர். (மாண்டிசோரி அம்மையாரே 1939-ல் அடையாறு வந்து, உலகப்போரால் இங்கயே தங்கி, 1946 வரைக்கும் நம்ம நாட்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க, கொடைக்கானல் உட்பட. அது தனிப் பதிவு.) அந்த முறைக்கு வேண்டிய மரச் சாமான்களை வாங்க நகரத்துப் பள்ளிகளாலதான் முடியும். கிராமத்துக்கு என்ன பண்றதுங்கிற கேள்வியோட தாராபாய் 1945-ல் போர்டி கிராமத்துல பாலவாடி ஆரம்பிச்சார். அங்க அவர்கிட்ட வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக். பதிமூணு வயசில் கல்யாணம், ஆறு மாசத்தில் கணவர் இறப்பு. படிச்சு ஆசிரியர் ஆனவர்.

இவங்க ரெண்டு பேரும் 1957-ல் கோஸ்பாட் மலைக்குப் போய் வார்லி பழங்குடிக் குழந்தைகளோட வேலை பாத்தாங்க. குழந்தை பள்ளிக்கு வரலைன்னா பள்ளி குழந்தை வீட்டு முற்றத்துக்குப் போகும். முற்றம்னா அங்கன், அங்கன்வாடிங்கிற பேரு அப்படி வந்தது. மாடு மேய்க்கப் போற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்துலேயே பாடம் நடத்தினாங்க. மரச் சாமானுக்குப் பதிலா கூழாங்கல், இலை, விதை. எது மாறலாம், எது மாறக்கூடாதுன்னு தெரிஞ்சவங்களாலதான் ஒரு முறையை இப்படி உடைச்சு திருப்பிக் கட்ட முடியும். செய்முறையை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க, சாமான் வரலைன்னு மேலிடத்துக்குக் கடிதம்தான் எழுதியிருப்பாங்க. எங்க துறையிலயும் இதே கதைதான். அடிப்படை தெரியாம டூல் மட்டும் தெரிஞ்சவன், டூல் மாறின அன்னிக்கு முழிப்பான்.

*

மூணாவது ஆள் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்து, அதற்குப் பிறகு டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். சாதி மறுப்பு, விதவை மறுமணம், ரெண்டும் ஒண்ணா! 1947-ல் இருவரும் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். ரெண்டு படுக்கையோட ஒரு சின்ன மருத்துவமனை, அப்புறம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், கிராமப் பெண்களுக்குச் சேவிகா பயிற்சி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா முளைச்சுது.

இங்கதான் நமக்கு வேண்டப்பட்ட ஒருத்தர் கதைக்குள்ள வர்றார். அவர் ஒரு இன்ஜினியர் :-) ஆர்தர் மார்கன், அமெரிக்கர். வெள்ளத் தடுப்பு அணைகள் கட்டினவர். 1920-ல் ஓஹையோவில் ஆண்டியோக் கல்லூரிக்குத் தலைவராகி, மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் நிஜமான வேலைன்னு மாறி மாறிப் படிக்கிற முறையைக் கொண்டுவந்தார். வேலை தெரியாத படிப்பும் வேண்டாம், உலகம் தெரியாத வேலையும் வேண்டாம் என்பது அவர் கட்சி. பிறகு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். 1948-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக்கு ஒரு கமிஷன் போட்டாங்களே, அதில் மார்கனும் ஓர் உறுப்பினர். நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் இருந்தார். இந்தியாவுக்குக் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற பரிந்துரை 1949-ல் வந்த அந்த அறிக்கையில் இருக்கிறது. அதில் மார்கனின் கை பெரிசு.

அந்த யோசனை 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனங்கள் என்ற வடிவில் வந்தது. காந்திகிராமம் அதில் ஒன்று. கிராமச் சேவையில் மூன்று ஆண்டு டிப்ளமா. பொதுப் பாடமும் உண்டு, பக்கத்துக் கிராமத்தில் வேலையும் உண்டு. வகுப்பறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், பயிற்சி நிலையம். 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

இன்னொரு பாதையும் உண்டு: மனையியல். அதாவது ஹோம் சயின்ஸ். சமையல் படிப்புன்னு சிரிப்போம். அதோட தாய் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர், எம்.ஐ.டி.யில் படித்த முதல் பெண். வீட்டுத் தண்ணி, பால், உணவு, குழந்தை வளர்ப்பு இதெல்லாம் அறிவியலாப் படிக்க வேண்டிய விஷயம்னு 1899-லேயே மாநாடு கூட்டினவர். வேதியியல், உடலியல், குழந்தை வளர்ச்சி, குடும்பப் பொருளாதாரம், விரிவாக்கப் பணி எல்லாம் ஒரே பட்டத்துக்குள்ள. கோவையில் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. ஊட்டச்சத்து நிபுணர் ராஜம்மாள் தேவதாஸ் அதை நீண்ட காலம் நடத்தி, பிறகு துணைவேந்தரும் ஆனார். சமூகப் பணிக்குத் தனியா மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சென்னையில் ஆரம்பிச்ச கல்லூரி இருக்கு.

ஆக நம்மகிட்ட பாடத்திட்டம் இருந்துச்சு, ஆசிரியர்கள் இருந்தாங்க, முன்மாதிரி இருந்துச்சு.

*

அப்புறம் என்ன ஆச்சு? அளவு பெருசாச்சு.

1970-களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. தாராபாயோட அங்கன்வாடி அரசாங்க வார்த்தை ஆச்சு. தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இன்னிக்கு தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள், நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம். உலகத்துலேயே இவ்வளவு பெரிய குழந்தைநலத் திட்டங்கள் ரொம்பக் கம்மி. இதைக் குறைச்சு சொல்ல எனக்கு மனசில்லை, இதுல சாப்பிட்டு வளர்ந்தவங்க நம்மள்லயே நிறைய பேர்.

ஆனா 14 லட்சம் பேருக்கு சுப்பலட்சுமி முறையில படிப்பு குடுக்க யார் செலவு பண்றது? அதனால வேலையைத் துண்டு துண்டாக்கி, அந்தத் துண்டுக்கு மட்டும் சில வாரப் பயிற்சி. சம்பளம்னு சொல்லாம மதிப்பூதியம்னு பேரு. படிப்பு ஒரு பக்கம் போச்சு, குழந்தை இன்னொரு பக்கம் நின்னுச்சு. குழந்தை வளர்ச்சியில பட்டம் வாங்கினவங்க நகரத்துல, கல்லூரியில, ஆஸ்பத்திரியில. மலையில குழந்தையோட தினமும் இருக்கிறவங்களுக்குத் தராசும் பதிவேடும். யாரும் திட்டம் போட்டுப் பண்ணின சதி இல்ல. கணக்கு போட்டா இப்படித்தான் வரும். ஆனா கணக்குல ஒரு விஷயம் விட்டுப்போச்சு: சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்கிறது பொம்பளைங்களுக்குத் தானா வர்ற விஷயம்தானே, அதுக்கு என்ன பெரிய படிப்புங்கிற நம்ம நினைப்பு. சுப்பலட்சுமி எதிர்த்து நின்ன அதே நினைப்பு.

பின்னூட்டத்துல வரப்போற ரெண்டு கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன்.

ஒண்ணு: "சின்னப் பயிற்சியே போதும்னு 1980 திட்டம் நிரூபிச்சுதே?" உண்மைதான். மூணு வயசுக்குட்பட்ட குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு. உள்ளூர்ப் பெண்கள், சில வேலைகள், நல்ல மேற்பார்வை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு நல்லாவே குறைஞ்சுது. பசிக்கு அந்த முறை வேலை செய்யும். ஆனா இன்னிக்கு அதே பெண்கிட்ட நாம கேக்குறது வேற. முன்பருவக் கல்வி குடு, குழந்தைத் திருமணத்தைக் கவனி, வளரிளம் பெண்கள்கிட்ட பேசு, புலம்பெயர்ந்த குடும்பத்தைக் கண்காணி. வேலை பத்து மடங்கு அகலமாச்சு, படிப்பு அகலமாகலை.

ரெண்டு: "பட்டம் வேணும்னு சொன்னா மலைப் பெண்களுக்கு அந்த வேலையும் போயிடுமே? கீழேர்ந்து டிகிரியோட வர்றவங்க ரெண்டு வருஷத்துல மாறுதல் வாங்கிட்டுப் போயிடுவாங்களே?" இதுதான் சரியான கேள்வி. அதனாலதான் பட்டத்தை வாசல்ல வைக்கக் கூடாதுங்கிறேன். சுப்பலட்சுமி யாரையும் "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சியா"ன்னு கேட்டு உள்ள விடலை. வந்தவளை வெச்சுக்கிட்டு, அவ எட்டுற வரைக்கும் படிக்க வெச்சார். படிப்பு நுழைவுச் சீட்டு இல்ல, வேலையோட ஒரு பாகம்.

2020 தேசியக் கல்விக் கொள்கையில பன்னிரண்டாவது முடிச்ச அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாசச் சான்றிதழ், அதுக்குக் கீழ படிச்சவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமான்னு போட்டிருக்கு. அந்தக் கொள்கையில நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும், இந்த இடத்துல ஒரு கதவு இருக்கு. ஆனா அதை டிவி, ஸ்மார்ட்போன் வழியா, இருக்கிற வேலைக்கு இடைஞ்சல் இல்லாம முடிக்கணும்னும் எழுதியிருக்கு. அதாவது எட்டு மணி நேர வேலை, வீட்டு வேலை, அதுக்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மலையில சிக்னல் தேடி வீடியோ பாக்கணும். எங்களுக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்ததும் மாசக்கணக்குல ஏசி ரூம்ல சம்பளத்தோட பயிற்சி. எதுக்கு? ஒரு பட்டனோட கலரை மாத்துறதுக்கு.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வழி இதுதான். ஜமுனாமரத்தூர் மாதிரி ஒரு ஒன்றியத்துல உள்ளூர்ப் பெண்களையே எடுங்க. வருஷத்துல சில மாசம் சம்பளத்தோட படிப்பு, மீதி மாசம் மையத்துல வேலை, மார்கன் ஆண்டியோக்ல பண்ணின மாதிரி. பாதி தொழில்: குழந்தை வளர்ச்சி, ஊட்டச்சத்து, விளையாட்டு வழிக் கல்வி. பாதி பொது: இந்த மலையோட வரலாறு, 2006 வன உரிமைச் சட்டம், அதே வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், கூலியும் இடப்பெயர்வும் எப்படி வேலை செய்யுதுங்கிற பொருளாதாரம், சாமையோட சத்து, அவங்க பாட்டும் கதையும். சேர்த்து வெச்ச மதிப்பெண் ஒருநாள் பட்டமா மாறணும். அந்தப் பட்டத்துக்கு ஏத்த சம்பளமும் வரணும். பக்கத்து மாவட்டங்கள்ல இதைச் சொல்லிக் குடுக்கக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

நூறு வருஷம் முன்னாடி, மூலையில உக்கார வெச்ச பெண்களை எழுப்பித்தான் இந்தத் தொழிலையே நம்ம ஊர்ல கட்டினாங்க. அவங்களுக்கு முதல்ல குடுத்தது படிப்பு, அப்புறம்தான் வேலை. இப்ப வேலையை மட்டும் குடுத்துட்டு படிப்பைப் பாக்கி வெச்சிருக்கோம். அந்தப் பாக்கியைக் கட்டுறது மாலை போட்டு மகளிர் தினம் கொண்டாடுறதை விட நல்ல மரியாதை.

டிஸ்கி: உங்க ஊர் பால்வாடி டீச்சரைப் பத்தி ஞாபகம் இருந்தா ஒரு பதிவு போடுங்க. அவங்க எதுவரைக்கும் படிச்சிருந்தாங்க, இன்னும் படிக்க ஆசைப்பட்டாங்களான்னு விசாரிச்சு எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.